ராமானுஜனுக்கு ரெஃபரன்ஸ் கொடுத்தவர்கள்

போன மாதம் ஒரு போன் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் என்னோடு ஒரு வீட்டுக் கணக்கெடுப்புத் திட்டத்தில் வேலை பார்த்த பெண். "சார், ஒரு வேலைக்கு அப்ளை பண்றேன். மூணு ரெஃபரன்ஸ் கேக்குறாங்க. உங்க பேரைப் போடட்டுமா?" தாராளமா போடும்மா என்றேன். போனை வைத்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. இதே பெண்ணுக்கு இரண்டு வருஷம் முன்பு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை.

பழைய மின்னஞ்சலைத் தேடி எடுத்துப் படித்தேன். கடின உழைப்பாளி. நேர்மையானவர். குழுவோடு இணைந்து வேலை செய்பவர். எந்தப் பொறுப்பைக் கொடுத்தாலும் சிறப்பாக முடிப்பார். மொத்தம் எட்டு வரி. அவருடைய பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் வைத்திருப்பார்களே, பெயரும் தேதியும் மட்டும் மாற்றிக்கொள்ளும் மாதிரி, அதுபோல இருந்தது.

இதற்கிடையில் மேஜையின் அந்தப் பக்கத்திலும் ஒரு முறை உட்கார்ந்தேன். ஒரு பணியிடத்துக்கு வந்த விண்ணப்பங்களைப் படித்துச் சலிக்கும் குழுவில் நானும் ஒருத்தன். வந்த பரிந்துரைக் கடிதங்கள் எல்லாமே என்னுடைய எட்டு வரிதான். எல்லோரும் நேர்மையானவர்கள், எல்லோரும் கடின உழைப்பாளிகள். மூன்றாவது கடிதத்திலேயே கண் தானாக அடுத்த பக்கத்துக்குத் தாவ ஆரம்பித்துவிட்டது. அப்போ புரிந்தது, நான் அந்தப் பெண்ணுக்கு உதவி செய்யவில்லை, ஒரு காகிதத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்.

இந்த முறை சரியாகச் செய்யணும்னு தோன்றியது. இணையத்தில் தேடினால் மாதிரிக் கடிதங்கள்தான் கொட்டுகின்றன. எனக்கு வேண்டியிருந்தது நிஜக் கடிதம். யாரோ ஒருவருக்காக எழுதப்பட்டு, பிறகு என்ன ஆச்சு என்பதும் தெரிந்த கடிதம். அப்படி யோசித்தபோது நினைவுக்கு வந்தவர் சீனிவாச ராமானுஜன். நம் ஊரில் வேலை தேடிய ஒருவரைப் பற்றி, அவர் விண்ணப்பம், அவருக்காக யார் என்ன எழுதினார்கள், யார் நிராகரித்தார்கள் என்பது வரை இவ்வளவு ஆவணம் கிடைப்பது அபூர்வம். அந்தக் கடிதங்களை, கணிதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, வெறும் ரெஃபரன்ஸ் கடிதங்களாக மட்டும் படித்துப் பார்த்ததன் குறிப்புகள்தான் கீழே.

நாம் சொல்லும் கதை

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லப்பட்ட கதை இது: ஏழை மேதை, யாருக்கும் அவரைத் தெரியவில்லை, கேம்பிரிட்ஜுக்கு ஒரு கடிதம் போட்டார், ஹார்டி கண்டுபிடித்தார், கப்பல் ஏறினார். இந்தக் கதையில் சிபாரிசுக்கு இடமே கிடையாது. திறமை இருந்தால் போதும், உலகம் தானாகத் தேடி வரும் என்பது அதன் நீதி. வேலை தேடும் பிள்ளைகளுக்கு மேடையில் சொல்வதற்கு வசதியான நீதி. ஆனால் நடந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்து, பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் படித்து, எஃப்.ஏ. தேறாமல் நின்றவர் ராமானுஜன். கையில் பட்டம் இல்லை. இருந்தது நோட்டுப் புத்தகங்கள். 1910-ல் திருக்கோவிலூருக்குப் போய், அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரைப் பார்த்தார். இந்தியக் கணிதக் கழகத்தை ஆரம்பித்தவர் அவர்தான். ராமானுஜன் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை, ஏதாவது அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை. ராமசாமி ஐயர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வேலை கொடுக்க மறுத்தார். இப்படிப்பட்டவரை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்கார வைத்து அமுக்குவதற்குத் தனக்கு மனம் வரவில்லை என்று பின்னாளில் சொன்னார். அதற்குப் பதிலாக அவர் கொடுத்தது சென்னையில் இருந்த கணிதக்காரர்களுக்கு அறிமுகக் கடிதம்.

சென்னையில் பி.வி. சேஷு ஐயர், கும்பகோணத்தில் ராமானுஜனுக்குப் பாடம் எடுத்தவர். அவர் நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவுக்கு ஒரு குறிப்புக் கொடுத்தார். ராவ் கணிதம் தெரிந்தவர். முதலில் சந்தேகத்தோடுதான் பார்த்தார். எளிய முடிவுகளில் ஆரம்பித்துக் கடினமானவைக்கு ராமானுஜன் போகப் போகத்தான் அவருக்கு நம்பிக்கை வந்தது. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, சாப்பாட்டுக் கவலை இல்லாமல் ஆராய்ச்சி செய்ய ஒரு சிறு தொகை போதும் என்றார் ராமானுஜன். ராவ் மாதம் 25 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தார். யாருக்கும் பாரமாக இருக்க விரும்பாமல் ராமானுஜன் மறுபடி வேலை தேட, 1912 பிப்ரவரி 9-ஆம் தேதி சென்னை போர்ட் டிரஸ்டுக்கு விண்ணப்பித்தார். மார்ச் 1 முதல் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா.

ஆக, ஹார்டிக்குக் கடிதம் போவதற்கு முன்பே நாலைந்து கைகள் மாறியாகிவிட்டது. நம் கதையில் இந்தக் கைகளுக்குத்தான் இடமில்லை.

குமாஸ்தா வேலைக்கு ஒரு கடிதம்

போர்ட் டிரஸ்டுக்கு அவர் எழுதிய விண்ணப்பம் ரொம்பச் சின்னது. மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், சில எதிர்பாராத சூழ்நிலைகளால் மேலே படிக்க முடியவில்லை, முழு நேரத்தையும் கணிதத்திலேயே செலவிட்டு வருகிறேன், வேலை கொடுத்தால் ஒழுங்காகச் செய்வேன் என்று நம்புகிறேன். இவ்வளவுதான். இன்றைய ரெஸ்யூமே ஆலோசகர் யாராவது பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்.

கூடவே பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த பரிந்துரை இருந்தது. இந்தக் கடிதம்தான் எனக்கு முதல் ஆச்சரியம். கணிதத்தில் அசாதாரணமான திறமை உள்ள இளைஞர் என்று சொல்லிவிட்டு, எண்கள் சம்பந்தமான வேலையில் குறிப்பாகத் தேர்ந்தவர், கணக்குப் போடுவதில் மிக வேகமானவர் என்கிறது. ராமானுஜனைப் பற்றி இன்று தெரிந்தவர்களுக்கு இது சிரிப்பை வரவழைக்கும். கணிதத்தையே அசைத்த ஒருவரைப் பற்றி 'கூட்டல் கழித்தல் சீக்கிரம் போடுவார்' என்பதா?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ரெண்டாவது தடவை படித்தபோது கருத்து மாறியது. வேலை என்ன? போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவில் குமாஸ்தா. அந்த மேலதிகாரிக்குத் தெரிய வேண்டியது என்ன? இந்த ஆள் கணக்கைத் தப்பில்லாமல், வேகமாகப் போடுவானா என்பது. மிடில்மாஸ்ட் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார். படிக்கப் போகிறவரின் மேஜையில் உட்கார்ந்து எழுதிய கடிதம் அது. விண்ணப்பதாரரின் முழு மதிப்பையும் அளக்கவில்லை என்பது குறைதான், ஆனால் அது அந்தக் கடிதத்தின் வேலை இல்லை. என்னுடைய எட்டு வரியில் இந்த ஒன்று சுத்தமாக இல்லை. அந்தப் பெண் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்றே நான் கேட்கவில்லை.

அதே சமயம் இந்தக் கடிதத்தால் ராமானுஜன் போய்ச் சேர்ந்த இடம் குமாஸ்தா நாற்காலி என்பதையும் மறக்கக் கூடாது. நல்ல ரெஃபரன்ஸ், சின்ன வேலைக்கு எழுதப்பட்டால், சின்ன வேலையைத்தான் வாங்கித் தரும்.

தப்பு கண்டுபிடித்தவரும் தெரியாது என்றவரும்

போர்ட் டிரஸ்டில் அவருக்கு மேலே இருந்த எஸ். நாராயண ஐயரும் கணிதக் கழகத்துக்காரர். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர். இவர்கள் ஆர்வம் காட்டியதில் விஷயம் வெளியே பரவியது. சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், லண்டனில் இருந்த தன் பழைய ஆசிரியர் ஹில்லுக்கு ராமானுஜனின் தாள்களை அனுப்பினார். ஹில் படித்துவிட்டு 1912 கடைசியில் பதில் போட்டார்: விரிதொடர்கள் என்னும் கடினமான இடத்தில் இவர் வழுக்கியிருக்கிறார், இன்ன புத்தகத்தைப் படிக்கட்டும். ஆளைக் கேலி செய்யவில்லை, திறமை இருப்பதையும் மறுக்கவில்லை. ஆனால் கைதூக்கி விடும் பொறுப்பையும் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து வந்ததுதான் நான் தேடிய கடிதம். எழுதியவர் கில்பர்ட் வாக்கர். இந்திய வானிலை ஆய்வு நிலையங்களின் தலைவர். பருவமழையை முன்கூட்டியே கணிக்கப் பார்த்து, அந்த முயற்சியில் பசிபிக் பக்கம் காற்றழுத்தம் ஊசலாடுவதை அடையாளம் கண்டவர். எல் நினோ செய்திகளில் வரும் 'வாக்கர் சுழற்சி' அவர் பெயரில்தான் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் முதலிடம் பிடித்தவர். சென்னை வந்திருந்தபோது ஸ்பிரிங் அவரிடம் நோட்டுப் புத்தகங்களைக் காட்டினார். 1913 பிப்ரவரி 26-ஆம் தேதி வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார்.

அந்தக் கடிதம் சொல்வதை என் வார்த்தைகளில் வரிசையாக வைக்கிறேன். ஒன்று, ராமானுஜனின் வேலையை நான் நேரில் பார்த்தேன். இரண்டு, சொந்தமாகக் கண்டுபிடிக்கும் சக்தியில் அது கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் கணித ஃபெல்லோ செய்யும் வேலையோடு ஒப்பிடத் தக்கது. மூன்று, ஆனால் முடிவுகளை அப்படியே ஒப்புக்கொள்ளத் தேவையான முழுமையும் துல்லியமும் அதில் இல்லை, அவருடைய சூழ்நிலையில் இது எதிர்பார்க்கக் கூடியதுதான். நான்கு, அவர் வேலை செய்யும் துறைகளில் நான் நிபுணன் இல்லை, அதனால் அவர் எவ்வளவு பெரியவர் என்று என்னால் திட்டமாகச் சொல்ல முடியாது, ஐரோப்பியப் புகழ் பெறும் அளவுக்குக்கூட இருக்கலாம். ஐந்து, ஆனாலும் அவர் சில வருஷமாவது பிழைப்புக் கவலை இல்லாமல் முழு நேரமும் கணிதத்தில் ஈடுபடப் பல்கலைக்கழகம் வழிசெய்வது நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்த ஐந்தையும் நான் ஒரு தாளில் எழுதி மேஜையில் ஒட்டி வைத்திருக்கிறேன். எதைப் பார்த்தேன், எதோடு ஒப்பிடுகிறேன், என்ன குறை, எனக்கு எது தெரியாது, நீங்கள் என்ன செய்யணும். மேதை, நல்லவர், ஒழுக்கமானவர் என்று ஒரு பட்டமும் கடிதத்தில் இல்லை. குறையைச் சொன்னதால் பாராட்டு கனமாகிறது. தெரியாததைத் தெரியாது என்றதால் தெரியும் என்று சொன்னது நம்பத் தகுந்ததாகிறது. ஹில் பார்த்த அதே குறையைத்தான் வாக்கரும் பார்த்தார். ஹில் அங்கேயே நின்றார், வாக்கர் அடுத்து என்ன செய்யணும் என்பது வரை போனார்.

ஏறத்தாழ அதே நாட்களில் ஹார்டியின் ஆர்வமும் சென்னைக்குத் தெரிய வந்தது. முதுகலைப் பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்க விதி இடம் கொடுக்குமா என்ற கேள்வியைத் தாண்டி, மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு வருஷத்துக்கு ராமானுஜனுக்குக் கிடைத்தது. 1913 மே முதல் அவர் குமாஸ்தா இல்லை.

புகழ்ச்சி ஏன் செல்லாக் காசாகிறது

என் எட்டு வரி ஏன் பயன்படவில்லை என்பதற்கு ஜெர்மனியில் நல்ல உதாரணம் இருக்கிறது. அங்கே வேலையை விட்டுப் போகிற எவரும் முதலாளியிடம் எழுத்துச் சான்றிதழ் கேட்டு வாங்கச் சட்டப்படி உரிமை உண்டு. அது உண்மையாக இருக்கணும், அதே சமயம் அவருடைய எதிர்காலத்தைக் கெடுக்காதபடி இதமாகவும் இருக்கணும் என்று நீதிமன்றங்கள் எதிர்பார்க்கின்றன. விளைவு? எல்லாச் சான்றிதழும் இனிப்பாகவே எழுதப்பட்டு, இனிப்புக்குள்ளேயே ஒரு ரகசிய மொழி முளைத்துவிட்டது. 'எப்போதும் எங்களுக்கு முழுமையிலும் முழுமையான திருப்தி அளித்தார்' என்றால் முதல் தரம். வெறும் 'திருப்தி அளித்தார்' என்றால் ஏதோ பாஸ் மார்க். 'முயற்சி எடுத்துக்கொண்டார்' என்றால் ஒன்றுக்கும் உதவாதவர் என்று அர்த்தம். இப்படி மறைபொருள் வைத்து எழுதக் கூடாது என்றும் சட்டமே சொல்கிறது. இருந்தும் வார்த்தைகளை எடைபோட்டுப் படிக்கும் பழக்கம் போகவில்லை.

நம் ஊர் கம்பெனிகள் எதிர்த் திசையில் போய்விட்டன. பல இடங்களில் எச்.ஆர். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி இதை மட்டும் உறுதிப்படுத்துவார்கள். ரிலீவிங் லெட்டர் வாங்கியவர்களுக்குத் தெரியும், அதில் கடைசி வரி எல்லோருக்கும் ஒரே வாழ்த்துதான். எல்லோரையும் புகழ்ந்தாலும் சரி, யாரைப் பற்றியும் எதுவும் சொல்லாவிட்டாலும் சரி, படிப்பவருக்குக் கிடைப்பது ஒரே அளவு தகவல்தான்.

ஆட்தேர்வு முறைகளைப் பற்றிய பல பத்தாண்டு ஆய்வுகளை ஷ்மிட், ஹண்டர் என்ற இருவர் 1998-ல் தொகுத்தார்கள். ஒருவர் வேலையில் எப்படிச் செய்வார் என்பதை முன்கூட்டிச் சொல்வதில் ரெஃபரன்ஸ் விசாரணைக்குக் கிடைத்த மதிப்பெண் 0.26. வேலையையே கொஞ்சம் செய்து காட்டச் சொல்லும் சோதனைக்கு 0.54. பிறகு வந்த ஆய்வுகள் இந்த எண்களைத் திருத்தியிருக்கின்றன. ஆனால் ராமானுஜன் கதையோடு அதை வைத்துப் பார்க்கும்போது ஒன்று புரிகிறது. 1913 ஜனவரி 16-ஆம் தேதி ஹார்டிக்கு அவர் அனுப்பிய கடிதத்தில் யாருடைய பரிந்துரையும் இணைக்கப்படவில்லை. தான் போர்ட் டிரஸ்ட் குமாஸ்தா என்ற அறிமுகமும், பக்கம் பக்கமாகத் தேற்றங்களும்தான் இருந்தன. முழுக்க வேலை மாதிரி. வாக்கரின் கடிதம் வென்றதும் அது நோட்டுப் புத்தகத்தின் மேல் நின்றதால்தான். ரெஃபரன்ஸ் என்பது வேலையைப் பார்த்த ஒருவர் பார்க்காதவருக்குக் கொடுக்கும் சாட்சி. வேலையைப் பார்க்காமலே கொடுப்பதற்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது.

சிபாரிசு

அந்தப் பெயருக்கு வருவோம். சிபாரிசு என்றாலே நமக்கு முகம் சுளிக்கிறது. எம்.எல்.ஏ. லெட்டர், மாமாவுக்குத் தெரிஞ்சவர், போன் பண்ணிச் சொல்லிட்டேன் போ. ராமானுஜனுக்கு நடந்ததைச் சிபாரிசு என்று சொன்னால் பலருக்குக் கோபம் வரும். ஆனால் நேர்மையாகப் பார்க்கணும்னா இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

ராமசாமி ஐயர், சேஷு ஐயர், ராமச்சந்திர ராவ், நாராயண ஐயர். பெயர்களே சொல்கின்றன. எல்லோரும் படித்த, பதவியில் இருந்த பிராமணர்கள். ராமானுஜன் பரம ஏழை, ஆனால் அந்த வீடுகளின் திண்ணை வரை போக அவருக்குத் தடை இருக்கவில்லை. அதே நோட்டுப் புத்தகத்தோடு, வேறு சாதியில் பிறந்த ஒரு பையன் 1910-ல் டெபுடி கலெக்டர் வீட்டு வாசலில் நின்றிருந்தால் புத்தகம் திறக்கப்பட்டிருக்குமா? அந்தப் பையன் முதலில் கும்பகோணம் கல்லூரி வரை வந்திருப்பானா? ராமானுஜன் போர்ட் டிரஸ்டில் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகுமுன், 1916 டிசம்பரில், பிராமணரல்லாதார் அறிக்கை வெளியானது. சர்க்கார் உத்தியோகங்களில் ஒரே சமூகம் நிறைந்திருப்பதுதான் அதன் பேச்சு. ராமானுஜனின் கடிதச் சங்கிலி நகர்ந்ததும் அந்த அலுவலகங்களுக்குள்ளேதான்.

இதனால் வாக்கரின் கடிதம் கெட்ட கடிதம் ஆகிவிடாது. வாசலுக்கு வருவதும் வாசல் திறந்த பிறகு நடப்பதும் தனித்தனி என்பதைத்தான் சொல்கிறேன். முதலாவதில் சாதி, ஊர், உறவு எல்லாம் வேலை செய்தது, இன்றும் செய்கிறது. இரண்டாவதில் நோட்டுப் புத்தகம் வேலை செய்தது. திறமைக்கு சிபாரிசு தேவையில்லை என்ற பாடப்புத்தக நீதி முதலாவதை மறைக்கிறது. எல்லாம் சிபாரிசுதான் என்ற டீக்கடை நீதி இரண்டாவதை மறைக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். ராமானுஜனின் நெருங்கிய நண்பர்கள் அவருக்குச் சோறு போட்டார்கள், இடம் கொடுத்தார்கள். ஆனால் வேலையும் உதவித்தொகையும் வந்தது அதுவரை அவரை அறியாதவர்கள் வழியாக. மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் பேசுகிறது. பாஸ்டன் பக்கம் ஒரு நகரத்தில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்த ஆட்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் சுமார் 17 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் சுமார் 56. அபூர்வமாக என்றவர்கள் சுமார் 28. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், சற்றுத் தள்ளி இருப்பவர்தான் புது வாசலைக் காட்டுகிறார் என்பது அவர் விளக்கம்.

அப்போ யாரைக் கேட்பது?

நீங்கள் வேலை தேடிக்கொண்டிருந்தால், இதுவரை படித்ததில் உபயோகமான பகுதி இதுதான். ரெஃபரன்ஸ் கேட்கும்போது நாம் எல்லோரும் பதவியைப் பார்த்துத்தான் ஓடுகிறோம். டைரக்டர், டீன், வைஸ் பிரசிடெண்ட். வாக்கரும் பெரிய பதவிக்காரர்தானே என்று கேட்கலாம். உண்மைதான், அவர் பெயருக்கு எடை இருந்தது, ஒரு சக குமாஸ்தா இதே கடிதத்தை எழுதியிருந்தால் பதிவாளர் படித்திருப்பாரா என்பது சந்தேகம். ஆனால் அந்த எடை பயன்பட்டது அவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்ததால். ஆகவே முதல் கேள்வி: உங்கள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர் யார்? அவர்களில் எடை உள்ளவர் யார் என்பது அதற்கு அடுத்த கேள்வி. இந்த வரிசையை மாற்றிப் போட்டால் என் எட்டு வரிதான் கிடைக்கும்.

அடுத்து, கேட்கும்போதே, 'எனக்கு எழுத முடியுமா' என்று நிறுத்தாமல், 'நான் செய்ததில் உங்களுக்கு என்ன நினைவிருக்கிறது' என்றும் கேளுங்கள். பதிலுக்கு அவர் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. எந்த வேலைக்கு என்பதையும், அவரிடமிருந்து விலகிய பிறகு நீங்கள் புதிதாகச் செய்ததையும் எழுதிக் கொடுங்கள். மிடில்மாஸ்டுக்கு அது குமாஸ்தா வேலை என்று தெரிந்திருந்தது போல, உங்கள் ஆளுக்கும் தெரிந்திருக்கணும்.

இரண்டாவது கடிதம்

இத்தனையும் யோசித்துவிட்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "நீ என்கிட்ட செஞ்சதுல எது உனக்கு முக்கியம்னு நெனைக்கிறே?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டார், "அந்த நாப்பது வீடு ஞாபகம் இருக்கா சார்?"

எனக்குச் சுரீர் என்றது. கணக்கெடுப்பில் ஒரு ஆள் கொண்டுவந்த படிவங்களில் மட்டும் வயதெல்லாம் 30, 35, 40 என்றே முடிவதை இவர்தான் கவனித்தார். தோராயமாக வயது சொல்வது எங்கும் உள்ள பழக்கம்தான், ஆனால் மற்ற ஆட்களின் படிவங்களில் இந்த அளவுக்கு இல்லை. யாரும் சொல்லாமல் இவரே அந்த நாற்பது வீட்டுக்கும் திரும்பப் போனார். பதினொரு வீட்டுக்கு யாருமே வந்ததில்லை என்று தெரிந்தது. அந்தப் படிவங்கள் உட்கார்ந்த இடத்தில் நிரப்பப்பட்டவை. அறிக்கை வெளியே போகுமுன் எங்கள் மானத்தைக் காப்பாற்றியது அந்த வேலை. என் முதல் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. 'நேர்மையானவர்' என்ற ஒரே சொல்லில் அதை முடித்திருந்தேன்.

இந்த முறை அதை எழுதினேன். வாக்கர் கணக்கில் ஒரு குறையும் எழுதினேன்: எக்செல்லைத் தாண்டிப் புள்ளியியல் மென்பொருள் எதையும் இவர் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. அனுப்புமுன் அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"சார், அந்த வரி வேணுமா சார்?"

"உண்மைதானே?"

"அப்போ உண்மை. போன வருஷம் ஆர் கத்துக்கிட்டேன் சார். உங்களுக்குத் தெரியாது."

சரிதான். எனக்குத் தெரியாது. வரியை எடுக்கவில்லை, மாற்றினேன். என்னோடு இருந்தபோது அவருக்கு அது பழக்கமில்லை, பிறகு கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார், அந்த வேலையை நான் பார்க்கவில்லை, அவரிடமே ஒரு மாதிரி கேட்டு வாங்கிப் பாருங்கள் என்று எழுதினேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை என்பது குரலில் தெரிந்தது. சம்பளம் அவருக்கு, பரீட்சை எனக்கில்லை. குறை எழுதிய கடிதம் நிஜத்தில் அவருக்கு உதவுமா, எல்லோரும் இனிப்பு அனுப்பும் இடத்தில் என்னுடையது மட்டும் கசக்குமா என்ற பயம் எனக்கும் இருக்கிறது.

மூன்றாவது ரெஃபரன்ஸாக அவர் எங்கள் டைரக்டர் பெயரை வைத்திருந்தார். அவரோடு இந்தப் பெண் மொத்தம் இரண்டு முறை பேசியிருப்பார். அதற்குப் பதில், அந்த நாற்பது வீட்டுக்கும் கூடவே வந்த கள மேற்பார்வையாளரைப் போடலாமே என்றேன். "அவர் வெறும் சூப்பர்வைசர்தானே சார்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா அவருக்கு எல்லா வீடும் ஞாபகம் இருக்கும்" என்றும் சொன்னார். கடைசியில் யார் பெயரைப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. வரும் வாரம் நேர்காணல்.